பாரம் கேட்ட வண்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் மலேசியாவில், கேரி தீவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். கல்யாணமும் அங்கேயே ஒரு மண்டபத்தில். கல்யாண வீடு என்றால் கலகலவென்று இருக்க வேண்டும் இல்லையா? எங்கள் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம். காரணம், என் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

கோபதாபம் எதுவும் இல்லை. மாப்பிள்ளையை அவருக்கு ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் அப்பாவால் எழுந்து நடக்க முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் செம்பனைப் பழம் ஏற்றிய லோரியின் மேல் நின்று கித்தான் கட்டும்போது வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் பலமான அடி. தலையணைகளை அண்டக்கொடுத்தால் கொஞ்ச நேரம் உட்காருவார். அதற்குமேல் வலி தாங்காது. வீட்டுக்குள் கட்டிலைச் சற்று நகர்த்தினாலே பல்லைக் கடித்துக்கொள்வார்.

எங்களிடம் வண்டி இல்லாமல் இல்லை. அப்பா தோட்டத்து டிரைவராக இருந்தவர். துரை வீட்டுக்காக வாங்கிய பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்று இருந்தது. பார்க்கக் குடும்ப வண்டி, அடியில் இருப்பது முழுக்க லோரியின் இரும்புச் சட்டம். கனமான ஸ்பிரிங் பட்டைகள். அதைப் பல வருடங்கள் ஓட்டியவர் அப்பாதான். நிர்வாகம் அதைக் கழித்துக் கட்டியபோது, மனசு கேட்காமல் அவரே வாங்கிவிட்டார். தோட்டத்தில் யாருக்கு என்ன அவசரம் என்றாலும் அந்த வண்டிதான். பிரசவ வலி எடுத்த பெண்களை எல்லாம் நேரம் காலம் பார்க்காமல் கிள்ளான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது அப்பாவும் அந்த வண்டியும்தான்.

அதே வண்டியில்தான் அப்பாவை ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலை எப்படிப்பட்டது என்று அதில் போனவர்களுக்குத் தெரியும். லோரிகள் உழுது போட்ட குழிகள். ஒவ்வொரு குழிக்கும் அப்பா கத்தினார். வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதார். வரிசை வீடுகளின் வாசலில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். பாவம் என்றுதான் பார்த்தார்கள். ஆனால் அப்பாவுக்கு அது உயிர் போகிற அவமானமாகிவிட்டது. அன்றிலிருந்து தெருப்பக்கத்து ஜன்னலைத் திறக்க விடமாட்டார். யார் பார்க்க வந்தாலும், “தூங்குறேன்னு சொல்லிடு,” என்பார். வந்தவர்கள் வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். நாளாக ஆக, வருவதையும் நிறுத்திக்கொண்டார்கள். அவருக்குத் தொந்தரவு தர வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான்.

ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்யலாமா என்று அண்ணன் கேட்டான். அம்மா பதறிப்போனாள். “கல்யாணத்துக்குப் போக ஆம்புலன்ஸா? வாயக் கழுவுடா!”

அப்பா கட்டிலில் இருந்தபடியே, “அதுல ஏத்துறதா இருந்தா நேரா சுடுகாட்டுக்கே ஓட்டச் சொல்லு,” என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “பெரியப்பா தாரை வார்க்கட்டும்மா. சாஸ்திரத்துல அதுக்கு எடம் இருக்கு,” என்றார்.

நான் கொஞ்சம் அழுத்தக்காரி. “சாஸ்திரத்துல எடம் இருக்கலாம்ப்பா. எங்கிட்ட இல்ல,” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். போய் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் கம்பெனியில் டிரைவர். புதிதாக வந்த பஸ்களில் ஏர் சஸ்பென்ஷன் என்று ஒன்று இருந்ததாம். பட்டைகளுக்குப் பதிலாக, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று அடைத்த தடித்த ரப்பர் பை. குழியில் இறங்கினால் அந்தப் பை அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், மேலே இருப்பவருக்குத் தெரியாது. “ஜொகூர் வரைக்கும் வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறானுங்க, எறங்குற எடம் வந்தாலும் எந்திரிக்க மாட்றானுங்க,” என்று அண்ணன் அடிக்கடி சொல்வான். அதை நம் வண்டியில் வைத்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. கிள்ளானில் பஸ்களைப் பழுது பார்க்கும் ஒரு ஃபோர்மனிடம் போய்க் கேட்டான். மெக்கானிக்கை எங்கள் ஊரில் ஃபோர்மன் என்றுதான் சொல்வோம்.

அந்த ஃபோர்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டையான ஆள், பெரிய வாய். தன்னால் முடியாத வேலை இந்த சிலாங்கூரிலேயே கிடையாது என்கிற பேச்சு. ஆனாலும் இதை முதலில் முடியாது என்றுதான் சொன்னாராம். யாருக்காக என்று அண்ணன் விவரம் சொன்னதும் சிகரெட்டை அணைத்துவிட்டு, “வண்டியக் கொண்டாந்து உடு,” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எங்களை அதற்கு முன் அவர் பார்த்ததுகூட இல்லை. அந்த மனுஷனுக்கு நாங்கள் யார்?

விபத்தில் முன்பக்கம் நொறுங்கிப்போன ஒரு பஸ்ஸிலிருந்து நல்ல நிலையில் இருந்த இரண்டு பைகளைக் கழற்றி எடுத்தார். எங்கள் வண்டியின் பின் அச்சில் அவை உட்காரத் தட்டுகள் வைத்து வெல்டிங் செய்தார். பட்டைகளில் சிலவற்றை உருவிவிட்டார். காற்று அடிக்கும் குழாயை நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டார், டயருக்கு அடிக்கிற மாதிரியே அடித்துக்கொள்ளலாம் என்று. அண்ணன் ஓய்வு நாளெல்லாம் அங்கேயே கிடந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சோதிக்கத் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள். தன் வேலையாட்கள் மூன்று பேர், சாமான் பெட்டிகள், வெல்டிங் சிலிண்டர்கள், எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார் ஃபோர்மன். அப்பாவுக்காக வண்டியின் பின்னால் மெத்தை போட்டிருந்தோம். ஃபோர்மன் அதில் ஏறி நீட்டிப் படுத்துக்கொண்டார்.

“என்ன அண்ணே, படுத்துட்டீங்க?” என்று சிரித்தேன்.

“நோயாளி படுக்குற எடத்துல நான் படுத்துப் பாக்காம எப்படி தங்கச்சி வண்டிய ஒப்படைக்கிறது? ஓட்டச் சொல்லு லா, நல்ல மோசமான எடமா பாத்து!”

அண்ணன் அப்படியே அந்தச் செம்மண் சாலையில் தோட்டத்து கேட் வரை போய்த் திரும்பினான். திரும்பி வந்து கதவைத் திறந்தால், ஃபோர்மன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்படியே அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. அம்மா ஓடிப்போய் அப்பாவிடம், “தூங்கிட்டாருங்க! அந்த ரோட்டுல, நெசமாவே தூங்கிட்டாரு!” என்று சொன்னாள்.

அப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் இரண்டு நிபந்தனை சொன்னார். ஒன்று, முன்கூட்டியே ஏற்றிப் பார்க்கிற சோதனையெல்லாம் கூடாது, போவதானால் ஒரே தடவைதான். இன்னொன்று, அண்ணனையும் அம்மாவையும் தவிர வண்டியில் வேறு யாரும் ஏறக்கூடாது. மறுபடி கத்தினால் அது பிறத்தியார் காதில் விழக்கூடாது என்பதுதான். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது. வருகிறேன் என்றாரே, அது போதும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம்.

கல்யாணத்தன்று விடிந்ததும் ஃபோர்மன் விசேஷத்துக்குப் போடும் பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் காற்று அளக்கும் கருவி. கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இல்லை, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்பாவை நாற்காலியோடு தூக்கி மெத்தையில் படுக்க வைத்தார்கள். அப்பாவுக்குப் பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அன்றுதான் பவுடர் பார்த்தேன். பின் கதவைச் சாத்தியதும் அண்ணன் வண்டியை எடுத்தான். பின்னால் பெரியப்பாவின் காரில் நான். எனக்குப் பின்னால் தோட்டத்து ஜனங்கள் ஏறிய வாடகை பஸ். ஃபோர்மனும் அந்த பஸ்ஸில்தான் ஏறிக்கொண்டார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். முன்னால் போன வண்டியின் பின்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. பந்து மாதிரி குதித்தது. ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் அண்ணன் வண்டியை நிறுத்தினான். எங்கள் காரும் நின்றது, பஸ்ஸும் நின்றது. அம்மா இறங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அப்பாவால முடியல ஆயி. வீட்டுக்குத் திருப்பச் சொல்றாரு. நேரம் தவறிடும், நீ போயிடும்மா. பெரியப்பா இருக்காங்கல்ல...”

கல்யாணப் புடவையோடு செம்மண்ணில் இறங்கி ஓடினேன். பின் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். பவுடர் எல்லாம் வேர்வையில் கரைந்துவிட்டது. கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

அதற்குள் ஃபோர்மன் ஓடி வந்துவிட்டார். பாத்திக் சட்டை என்றும் பார்க்காமல் மண்ணில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். காற்றைக் கொஞ்சம் இறக்கினார், வண்டியின் பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். மறுபடி இறக்கினார், அமுக்கினார். எழுந்து நின்றபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

“என் தப்புதான்,” என்றார் அண்ணனிடம். “அன்னிக்கு எங்க ஆளுங்க, சிலிண்டர், சாமான், அம்புட்டும் உள்ள இருந்துச்சு. அதனாலதான் அமுங்குச்சு. இப்ப வண்டி காலி. காத்த இதுக்கு மேல எறக்கினா பை மடிஞ்சு கிழிஞ்சுரும். இது பஸ்ஸுப் பை தம்பி. இதுக்கு ஆளு வேணும்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா கத்தினால் யார் காதிலும் விழக் கூடாது என்றுதானே வண்டியைக் காலியாக வைத்தோம்? காலியாக இருந்ததால்தான் அது அவரை அப்படித் தூக்கிப் போட்டிருக்கிறது.

கல் மூட்டை ஏற்றலாம் என்றார் ஒருவர். ஸ்டோருக்குப் போய் உர மூட்டை எடுத்து வரலாம் என்றார் இன்னொருவர். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது பஸ்ஸிலிருந்து எங்கள் எதிர்வீட்டு அக்கா இறங்கி வந்தார். நல்ல கனத்த உடம்பு அவருக்கு. தோட்டத்துப் பிள்ளைகள் அதை வைத்துக் கேலி செய்தால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு துரத்துவார்.

“கல்லு எதுக்கு, மூட்டை எதுக்கு? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?” என்று சொல்லிக்கொண்டே வண்டியின் பின் கதவைத் திறந்துவிட்டார்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. “வேணாம் தாயி. யாரும் வராதீங்க. என்னால... நான் கத்திருவேன்,” என்றார். அந்தக் குரல் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. எவ்வளவு பெரிய மனுஷன், எப்படிக் கெஞ்சினார்!

அக்கா ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றார்.

“அண்ணே, எம்மூத்தவன் பொறந்த அன்னிக்கு இதே வண்டிதான், இதே ரோடுதான். நான் கத்தின கத்து கிள்ளானுக்கே கேட்டிருக்கும். நீங்க ஒரு தடவயாச்சும் திரும்பிப் பாத்தீங்களா? கண்ணாடியக்கூடத் திருப்பி வச்சிட்டுல்ல ஓட்டுனீங்க? இன்னிக்கு நீங்க கத்துங்கண்ணே. நாங்க பாக்க மாட்டோம்.”

அப்பாவின் மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. வேண்டாம் என்று மறுபடி அவர் சொல்லவில்லை.

அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குள் ஏறி மெத்தையைச் சுற்றித் தரையிலேயே உட்கார்ந்தார்கள். ஃபோர்மன் பின் கதவருகே நின்று ஆள் பார்த்து ஏற்றினார். மெலிந்த ஒருத்தி வந்தபோது, “நீ வேணாம்மா, நல்ல ஆளா அனுப்பு,” என்று திருப்பிவிட்டார். எதிர்வீட்டு அக்காவுக்கு அந்த நிலையிலும் பெருமை தாங்கவில்லை. “பாத்துக்கோங்கடி, இன்னிக்குத்தான் எம்மதிப்பு தெரியுது!” என்றார். அப்பாவின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. அவர் சிரித்து அவ்வளவு நாளாகியிருந்தது.

ஒவ்வொருவர் ஏற ஏற வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. ஃபோர்மன் குனிந்து பையைப் பார்த்தபடி, “இன்னும் ஒரு ஆளு,” என்றார். நான் ஏறினேன். கல்யாணப் பெண் இப்படியெல்லாம் ஏறலாமா என்று பெரியப்பா ஏதோ ஆரம்பித்தார். யார் காதில் போட்டுக்கொண்டது? அப்பாவின் கால்மாட்டில், மாலையும் பின்னலும் கசங்க, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அண்ணன் மெதுவாக எடுத்தான். முதல் குழி வந்தது. வண்டி இறங்கியது, அமுங்கியது, நிதானமாக எழுந்தது. அப்பா கத்தவில்லை. அடுத்த குழிக்கும் கத்தவில்லை. வலியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளத்தில் முனகிவிட்டார். அவ்வளவுதான், அந்தப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்தாற்போல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மீன் விலையையும் மழையையும் பற்றி உரக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

தார் ரோட்டுக்கு வந்த பிறகு அப்பா வாய் திறந்தார். முதலில் அண்ணனிடம், “மேட்டுல கியர எறக்குடா, வண்டி திணறுது தெரியல?” என்றார். பிறகு எதிர்வீட்டு அக்காவிடம், “மூத்தவன் இப்ப என்ன படிக்கிறான்?” என்று கேட்டார். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி தொடர்ந்தாள். இரண்டு வருடத்துத் தோட்டத்துச் செய்தி முழுவதையும் கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் அவருக்குச் சொல்லிவிட்டார்கள். ஃபெடரல் ஹைவேயில் போகும்போது, ஜன்னல் பக்கம் தன்னைக் கொஞ்சம் தூக்கி உட்கார வைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் தோள் கொடுத்து உட்கார வைத்தார்கள். வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. நாற்காலியோடு தூக்கி மணவறைக்குக் கொண்டுபோனார்கள். என் கையைப் பிடித்து அப்பாதான் தாரை வார்த்துக் கொடுத்தார். பாதித் தண்ணீர் என் மடியில்தான் கொட்டியது. ஐயர் ஏதோ சொல்ல வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

ஃபோர்மனைத் தேடினேன். மண்டபத்து வாசலில் வண்டிக்குப் பக்கத்திலேயே உம்மென்று நின்றுகொண்டிருந்தாராம். வேலை தோற்றுப்போனதில் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் இழுத்து வந்து அப்பாவுக்கு முன்னால் நிறுத்தினான். “சின்னப் பையா ரெண்டு தேடி மாத்திக் குடுத்துடுறேன் ஐயா. காலி வண்டியிலேயும் மெத்துனு போகும்,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம் தம்பி. அது அப்படியே இருக்கட்டும். நான் ஆளு ஏத்திக்கிறேன்,” என்றார்.

சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் கோயிலுக்குப் போவதென்றாலும் அண்ணன் வாசலில் நின்று ஹார்ன் அடிப்பான். வேலை இல்லாதவர்கள் எல்லாம் வந்து ஏறிக்கொள்வார்கள். வழியில் கிள்ளான் பாசாரில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொள்வார்கள். தெருப்பக்கத்து ஜன்னலும் அதற்குப் பிறகு மூடியதில்லை.

அப்பா இப்போது இல்லை. யாராவது உடம்பு முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினால், முன்பெல்லாம் நானும் மரியாதையாக வாசலோடு திரும்பிவிடுவேன். இப்போது திரும்புவதில்லை. உள்ளே போய், அவர் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.